அண்ணன் பஸ்ஸின் புகை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று பல்கலைக்கழக வாசலில் அது தலைக்கே ஏறிவிட்டது.

நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. தினமும் வளாகத்துக்கு வந்துபோகும் வண்டிகள் எவ்வளவு புகை கக்குகின்றன என்று அளப்பது என் வேலை. புகை அதிகம் என்று நிரூபித்தால்தான் நிர்வாகம் மின்சார பஸ் வாங்கும். கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிய கருவியை மறுநாள் மாலை திருப்பித் தர வேண்டும். அதற்குள் ஒரு சாதாரண நாளின் புகை கிடைத்தாக வேண்டும்.

அன்று நடந்ததோ வேறு. கணிதப் பேராசிரியர் சைக்கிளில் ஆடி ஆடி வந்தார். நூலகர் மூச்சு வாங்க நடந்து வந்தார். அடுத்த கட்டடத்துக்குக்கூடக் காரில் போகிற பதிவாளர், யாருடைய காரிலோ நெருக்கியடித்து உட்கார்ந்து வந்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை வேறு உயர்த்தினார். வளாக பஸ்ஸைக் காணவே காணோம். கருவியைப் பார்த்தால், நாங்கள் ஏதோ மலை உச்சியில் படிப்பதாகத் தோன்றும்.

“உங்க அண்ணன்தாம்மா நேத்து எல்லார்கிட்டயும் சொன்னாரு” என்றார் வாசல் காவலாளி, பெருமையாக.

வளாக பஸ் ஓட்டுவது என் அண்ணன். பஸ் ஷெட்டுக்கு ஓடினேன். சாவகாசமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியா?”

“தங்கச்சி புகை அளக்குறா, அவ பேரைக் கெடுத்துடாதீங்கன்னு சொன்னேன். இதுல என்ன தப்பு?”

“எனக்குப் புகைதான் வேணும்! நீ ஏன் பஸ்ஸை எடுக்கல?”

துணியைப் பிழிந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “ரிப்பேர்னு சொல்லிட்டேன். இருக்குறதிலயே என் வண்டிதான் அதிகமா புகை விடுது. உன் ரிப்போர்ட்ல உன் அண்ணன் வண்டியே முதல்ல நின்னா உனக்கு அசிங்கம் இல்லையா?”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை.

“நாளைக்கு எல்லாரும் எப்பவும் போல வரணும். நீயே போய் சொல்லு.”

வீடு வீடாகப் போன் போட்டுச் சொன்னான். மறுநாள் கார், பைக், ஆட்டோ என்று வாசல் களைகட்டியது. பதிவாளர் தன் காரில் தனியாக, நிம்மதியாக வந்தார். கருவியில் எண்கள் ஏற ஏற நான் குதிக்காத குறைதான். கடைசியில் கரும்புகையோடு வந்த அண்ணனின் பஸ் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது.

அந்த ஒரு வண்டியை மட்டும் விட்டுவிடலாமா என்று எனக்குச் சபலம். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

“என்ன யோசனை? எழுதும்மா” என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. “நீ ஒரு நாள் அளக்குற புகையை நான் தினமும் குடிக்கிறேன்ல?”

முதல் வரியிலேயே அவன் பஸ்ஸை எழுதினேன்.