கேமராவைப் பார்த்தவர்

என் தொழிலில் ஒரு படத்தைக் கழிப்பதற்கு முதல் காரணம், அதில் யாராவது கேமராவைப் பார்த்துவிட்டதுதான். வரிசையாக நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லி எடுக்கும் கல்யாணப் படங்கள் என்னிடம் கிடையாது. அந்த நாள் தன்பாட்டில் நடக்கட்டும், ஓரமாக இருந்து கதைபோல எடுத்துத் தருகிறேன் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வேன். கதைக்குள் இருப்பவர் சட்டென்று நம்மைத் திரும்பிப் பார்த்தால் கதை கலைந்துபோகும். அதனால் கேமராவைப் பார்த்தவர்கள் இருக்கும் படங்களை எல்லாம் முதல் நாளே தனியாக ஒதுக்கிவிடுவேன். ஆறு மாதம் வைத்திருந்து, பிறகு அழித்துவிடுவேன்.

அந்தப் பெண் போன் செய்தபோது அவள் கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, அப்பா போயிட்டார்" என்றாள். எந்த ஊரிலிருந்து பேசுகிறாள், யார் பேசுவது என்றுகூடச் சொல்லவில்லை. குரலை வைத்து நானே கண்டுகொண்டேன்.

அவள் அப்பா பஸ் டிரைவர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரு காலைக் கழற்றினார், அவ்வளவுதான். பதினாறு நாள் ஆகிவிட்டதாம். அன்றிலிருந்து அம்மா ஒரு படத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். கல்யாணத்தன்று சாயங்காலம் அப்பா வந்து, பாப்பாவும் நானும் சேர்ந்து ஒன்று எடுத்தாகிவிட்டது, பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று அம்மாவிடம் சொன்னாராம். நான் கொடுத்த நானூறு படங்களையும் அவள் இரண்டு முறை பார்த்துவிட்டாளாம். அதில் இல்லை.

"எங்கயாவது தவறியிருக்கும். கொஞ்சம் தேடிப் பாருங்க அக்கா. வீட்ல இருக்கிற படமெல்லாம் அவர் எங்களை எடுத்தது. அவர் எதுலயும் இல்ல. நாலஞ்சுல அவர் விரல் மட்டும் இருக்கு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த மனிதரை எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

கல்யாணத்தன்று காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது, போஸ் கொடுக்கக் கூடாது, அக்கா அங்கே இல்லாத மாதிரியே இருக்க வேண்டும். நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தேன்.

"அது எப்படி பாப்பா?" என்றார் அவர். "வீட்டுக்கு வந்த பொண்ண இல்லாத மாதிரி எப்படி நினைக்கிறது? சாப்பிட்டியான்னு கேக்கலாமா, அதுவும் கூடாதா?"

"அப்பா, நீங்க கேமரா பக்கமே பாக்காதீங்க. அது போதும்."

"முப்பது வருஷமா ரோட்டை நேரா பாத்தவன். எது முன்னாடி இருக்கோ அதைத்தான் என் கண்ணு பாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அதைப் படம் எடுத்தேன். அவர் கேமராவைப் பார்த்தார்.

பிறகு செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது மெதுவாக வந்து நின்றார். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். ஒரே ஒரு படம் வேண்டும் என்றார். பாப்பாவும் அவரும் நேராக நிற்பதுபோல. அவள் கல்யாண வேலையில் இருக்கும்போது அதைச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று என்னிடம் கேட்கிறார் என்பது புரிந்தது.

நான் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். "நான் யாரையும் நிக்க வச்சு எடுக்கிறதில்லைங்க. தானா அமையும்போது எடுத்துடுவேன்."

"சரிம்மா, உங்க வேலை உங்களுக்குத் தெரியும். நான் அவகிட்டயே நின்னுக்கிறேன். நீங்க பாத்து எடுத்துக்கோங்க."

மதியம் மண்டபத்தில் இருநூறு பேருக்கு நடுவே அவர் தட்டில் சாப்பாடு போட்டு என்னிடம் கொண்டுவந்தார். "இல்லாத ஆளுக்கும் பசிக்கும்ல?" என்றார். இத்தனை வருடத்தில் எனக்குத் தட்டு கொண்டுவந்து தந்த முதல் பெண் வீட்டுக்காரர் அவர்தான். ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒதுக்கிவைத்த படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். மேசையில் வைத்த தேநீர் ஆறிப்போனது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் இருந்தார். கல்யாணப் பதிவுக்குக் கையெழுத்துப் போடும் மேசைக்குப் பின்னால், மகளுக்கு நாலடி தள்ளி, கைகளைத் தொடையோடு ஒட்டி நேராக நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோழிகள் அவளைச் சூழ்ந்திருக்கும் படத்தில் அவர்களுடைய தோள்களுக்கு மேலே அவர் முகம். படிக்கட்டில், வாசலில், கார் கதவுக்குப் பக்கத்தில். சாயங்காலப் படங்களில் தலைமுடி புதிதாகச் சீவப்பட்டிருந்தது. மொத்தம் இருபத்திமூன்று. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். நாள் முழுக்க மகளுக்குக் கிட்டேயே நின்றிருந்தார். கேமராவைப் பார்த்தார் என்பதற்காக அவரை நான் இருபத்திமூன்று முறை எடுத்து வெளியே போட்டிருந்தேன்.

இருபத்திமூன்றாவது படத்தில்தான் இருவரும் அருகருகே இருந்தார்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் அவள் யாரிடமோ ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். முகம் பக்கவாட்டில் இருக்கிறது. அவர் பின்னாலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்று, நிமிர்ந்து, என்னைப் பார்த்து வலது கையைத் தூக்குகிறார். அவள் தோளில் வைப்பதற்காக. கை இன்னும் தோளைத் தொடவில்லை. இரண்டு விரல் அளவு இடைவெளி இருக்கிறது.

அடுத்த படம் இல்லை. ஏனென்றால் அவர் பார்வை லென்ஸில் பட்டதும் நான் கேமராவை இறக்கிவிட்டேன். என் அழகான ஜன்னல் வெளிச்சம் கெட்டுப்போனது என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன். அவர் தூக்கிய கையோடு அப்படியே நின்று, "ஆச்சாம்மா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அது ஒரு பொய் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆளை அனுப்பிவிட எல்லோரும் செய்கிற தலையாட்டல்தானே. அவர் முகம் அப்படி மலர்ந்தது. கையெடுத்துக் கும்பிடுவதுபோல ஏதோ செய்துவிட்டு, நேராக மனைவியைத் தேடிக்கொண்டு போனார்.

அந்த இரண்டு விரல் இடைவெளியைச் சேர்ப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. அரை மணி நேரத்தில் கையைக் கீழே இறக்கித் தோளில் வைத்துவிடலாம். வேறொரு படத்திலிருந்து அவள் முகத்தையும் எடுத்து நேராகத் திருப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. செய்தும் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் என் தலையாட்டல் மறுபடியும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம், அவர் எதிரே வந்து நிற்பதில்லை. அந்தப் பெண் நிற்பாள். அவளிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று பட்டது. சேர்த்ததை அழித்தேன். எடுத்தது எடுத்தபடியே அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா முன்னறையில் இருந்தார். செருப்பு அலமாரியில் ஒரு ஜோடி ஷூ, பாலிஷ் போட்டு வைத்திருந்தது. படத்தைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, வெகு நேரம் பார்த்தார்.

"சொன்னேன்ல" என்றார் மகளிடம். "எடுத்தாச்சுன்னு அவர் சொன்னா எடுத்தாச்சுதான். நேரா என்னையே பாக்குறார் பாரு."

மகள் படத்தைப் பார்த்தாள். அவள் கண் நேராக அந்த இடைவெளிக்குப் போனதை நான் கண்டேன். தேநீர் போட சமையலறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் அவர் கேட்டதை, நான் மறுத்ததை, கேமராவை இறக்கியதை, தலையாட்டியதை. இருபத்திமூன்று படங்களையும் அவளிடம் கொடுத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் பால் பாத்திரத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவர் பின்னாடி வந்து நின்னது எனக்குத் தெரியும் அக்கா. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை வந்துச்சு. அவர்தான்னு தெரியும். அந்தப் பேச்சு முடியட்டும், அப்புறம் திரும்பலாம்னு நினைச்சேன். திரும்பினப்ப இல்ல."

பால் பொங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி அடுப்பை அணைத்தோம்.

"இந்த இடைவெளிய உங்களால சேத்துட முடியும்ல?"

"முடியும்" என்றேன். "நீ சொன்னா செய்றேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். முன்னறையில் அம்மா சுவரில் இடம் பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போடுகிறார், ஆணி எங்கே என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார்.

"வேண்டாம். அவர் கை அவ்வளவு தூரம் வந்துச்சு. அது நிஜம். அதை நான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லாதீங்க. எனக்குச் சொன்னது போதும். அவங்க எடுத்தாச்சுன்னே நினைச்சுக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் போலவே, தப்பு செய்தவளுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போடுகிற பெண்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்றார் அம்மா. இலேசான பசிகூட எனக்கு இல்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் படம் மாட்டியாகிவிட்டது. அம்மா தட்டில் பரிமாறினார், மகள் தண்ணீர் வைத்தாள்.

கேமராவைப் பார்த்தவர்களின் படத்தில் ஒரு விஷயம் உண்டு. நாம் எந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்தாலும் அவர்கள் நம்மையே பார்ப்பார்கள். கழுத்து வரை பொத்தான் போட்டு, கையைத் தூக்கியபடி, பொறுமையாக அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சாம்மா என்று கேட்கிற அதே முகம்.

இந்த முறை என்னால் தலையாட்ட முடியவில்லை.