ஓரம் மட்டும் ஒளிர்ந்த வட்டம்

விளாங்குடி டாக்டர் ஹரிராம் எந்த ஸ்கேன் படத்தையும் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பதில்லை. உறையிலிருந்து உருவுவார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், நோயாளி நாற்காலியில் அமருமுன் தீர்ப்பை முழங்குவார். அரைக்கதவுக்கு வெளியே காத்திருப்போர் அனைவருக்கும் கேட்டால்தான் அது வைத்தியம் என்பது அவர் கொள்கை. படம் எடுத்தவரிடம் கருத்துக் கேட்பது அவருக்கு இழுக்கு.

எழுமலை வீரணன் தம் மகள் பவதாரிணியை அவரிடம் அழைத்து வந்தார். அவளுக்கு ஒருமுறை வலிப்பு வந்திருந்தது. தை மாதம் திருமணம். சம்பந்தியாகப் போகும் வாடிப்பட்டி சோணைமுத்து, துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் இருந்தார்.

"ஊசி மருந்து ஏறினதும் பளிச்சுனு எரியுது பாருங்க. மூளையில கேன்சர் கட்டி," என்று ஹரிராம் ஜன்னலைப் பார்த்து முழங்கினார்.

வீரணன் வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. மறுநாளே, கல்யாணப் பேச்சு வேண்டாமென்று வாடிப்பட்டியிலிருந்து ஆள் வந்தது.

ஒரு காட்டில் ஓர் ஆந்தை இருந்ததாம். எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் காடு எரிகிறதென்று அலறுமாம். முயல்களெல்லாம் வளையை விட்டு ஓடிய பிறகு பார்த்தால், புதரில் ஒரு மின்மினி. அந்த ஆந்தை மருத்துவம் படித்ததில்லை என்பது ஒன்றே அதன் சார்பில் சொல்லத்தக்கது.

அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா என்று கேட்க, வீரணன் படத்துடன் ஸ்கேன் மையத்துக்கே போனார். படம் பார்க்கும் மருத்துவர் இந்துப்ரியா அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"யாருங்கண்ணே இதக் கேன்சர்னு சொன்னது?"

"ஹரிராம் டாக்டரும்மா. பளிச்சுனு எரியுதாம்ல."

"ஊசி மருந்து ரத்தத்தோட போகும். ரத்தக்குழாய்ச் சுவர் எங்க கெட்டுக் கசியுதோ, அங்க வெள்ளையாத் தெரியும். கேன்சர்லயும் கசியும், கிருமி வீக்கத்துலயும் கசியும். வெளிச்சத்த மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. இங்க ஓரம் மட்டும்தான் வெள்ளை. நடுக்கருப்புல ஒரு புள்ளி தெரியுதா? அது மூளைக்குள்ள போயிச் சாகப்போற நாடாப்புழுக் குஞ்சோட தலை. மாத்திரையில சரியாயிரும்ணே."

"அம்புட்டுத்தானா?" என்றார் வீரணன். "அப்ப கல்யாணத்தக் கெடுத்தது புழு இல்லம்மா."

இந்துப்ரியா படத்துடன் நேரே விளாங்குடிக்கு வந்தார். தூசி படிந்த விளக்குப் பெட்டியைத் துடைத்து, படத்தை மாட்டி, விளக்கைப் போட்டார். ஹரிராம் நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் புள்ளி அன்னைக்கும் இருந்துச்சா?"

"உங்களுக்காகப் புழு இன்னைக்குத்தான் தலைய நீட்டுதா சார்?"

ஞாயிற்றுக்கிழமை ஹரிராம் வீரணனை அழைத்துக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போனார். சோணைமுத்துவின் வீட்டு வாசலில், அவரிடம் காதோடு காதாகப் பேசத் தொடங்கினார்.

"அன்னைக்கி மாதிரியே பேசுங்க டாக்டரய்யா," என்றார் வீரணன். "தெருவுக்கே கேக்கட்டும்."

ஹரிராம் தொண்டையைச் செருமினார். "நான் படத்தைச் சரியாப் பாக்கல. தப்பாச் சொன்னது நான். அந்தப் புள்ளைக்குக் கேன்சர் இல்ல."

சோணைமுத்து தலை குனிந்தவாறு கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க சம்பந்தி," என்று வீரணனின் கையைப் பிடித்தார்.

எதிர்வீட்டில் யாரோ என்னவென்று விசாரித்தார்கள். ஹரிராம் அந்தப் பக்கம் திரும்பி, இன்னும் உரக்க, முதலிலிருந்து சொன்னார்.