மூத்த மருமகளைத் தள்ளியது யார்?

கசாப்பு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தவர் கறிக்கடைக்காரர் இல்லை, டிவி தொடர் எழுதுகிறவர். எழுதியது நாலு தொடர், நாலிலும் ரத்தம். முதல் தொடரில் ஒரு மாமியாரைக் கிணற்றில் தள்ளினார். அடுத்ததில் ஆட்களோடு ஒரு பஸ்ஸையே கொளுத்தினார். மூன்றாவதில் கதாநாயகனின் கையை மர அறுவை மில்லில் விட்டார். நாலாவதில், மூத்த மருமகள் மாடிப்படியில் உருண்டு, தலை பிளந்து, கண் திறந்தபடி கிடந்தாள். அந்தக் காட்சியோடு சேனல்காரன் தொடரை நிறுத்திவிட்டான். பார்க்க ஆளே இல்லையாம். அப்போ நாங்கள் எல்லாம் ஆடா, மாடா?

நான் வேலை பார்க்கிற லாண்டரிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்குப் பகலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் கூடுவோம். முதலாளியம்மா, எதிர்க்கடை சலூன்காரர், ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர், நான். பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிவில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். மூத்த மருமகளைத் தள்ளியது யார்?

எங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வெறும் வாய்ப்பந்தல் செல்லாது, செய்து காட்ட வேண்டும். ஒரு பழைய கோட்டுக்குள் விரிப்புகளைத் திணித்து, கைக்கும் காலுக்கும் துண்டுகளைச் சுருட்டி அடைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தோம். அவள்தான் மூத்தவள். துணி உலர்த்தும் மாடிக்குப் போகிற இரும்புப் படியின் உச்சியிலிருந்து அவளைத் தள்ளுவோம். தொடரில் அவள் மல்லாந்து விழுந்தாள், தலை கீழ்ப்பக்கம், வலது கை முதுகுக்கு அடியில் முறுக்கிக்கொண்டு. யார் தள்ளினால் மூட்டை அப்படி விழுகிறதோ அவர் சொன்னதே சரி. ஆனால் மூட்டை ஒருநாளும் அப்படி விழவில்லை.

முதலாளியம்மா மாமியார்தான் என்றார். டிரைவர், அவளே குதித்தாள் என்றார். சலூன்காரர் கொழுந்தன்மேல் பழி போட்டார். புருஷன் என்று சொன்னது நான் மட்டும். சண்டையும் சும்மா சண்டை இல்லை. ஒரு ஞாயிறு சலூன்காரர் டிரைவரின் காலரைப் பிடித்து உலுக்க, டிரைவர் அவர் மூக்கில் ஒரு குத்து விட்டார். சுத்தமாகத் துவைத்து வைத்திருந்த தலையணை உறை முழுக்க ரத்தம். அதையும் நான்தான் துவைத்தேன்.

அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அப்படி இல்லை. என் அக்கா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளும் வீட்டு மாடிப்படியில்தான் விழுந்திருந்தாள். மண்டையில் தையல், வலது கை பின்பக்கமாக முறிந்திருந்தது. "வழுக்கிட்டேன்டி" என்றாள். டாக்டரிடமும் அதே. கழுத்தில் கன்றிப்போயிருந்த தடத்தைப் பார்த்து நர்ஸ் கேட்டபோது, சங்கிலி அறுத்துவிட்டது என்றாள். என் அக்கா கழுத்தில் எந்தக் காலத்திலும் சங்கிலி கிடந்ததில்லை. அதை நான் கூட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என் சந்தேகமெல்லாம் அவள் புருஷன்மேல்தான். ஆனால் வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு, வர மாட்டேன் என்கிறவளை இழுத்து வர முடியுமா? "என் வீட்டுக்கு வா" என்று கெஞ்சினேன். கல்லாக இருந்தாள்.

மூக்கில் குத்து விழுந்ததற்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் அவளை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. அவனோடு, அதே வீட்டுக்கு, அதே படிக்கு.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, அக்கா புருஷன், என் மாமா, லாண்டரிக்கே வந்துவிட்டார். ஊரில் அவருக்கு நல்ல பேர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார், வெள்ளைச் சட்டை கசங்காது. கசங்காதது ஏனென்றால் இஸ்திரி போடுவது என் அக்கா.

"இதுக்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருக்கு பாருங்க" என்று சிரித்தபடி சுவரில் சாய்ந்து நின்றார். டிரைவர் மூட்டையைத் தள்ளினார். அது குப்புற விழுந்து பாதியிலேயே சிக்கிக்கொண்டது. சலூன்காரர் தள்ளினார். பக்கவாட்டில் உருண்டு கம்பியில் இடித்தது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளத் தெரியாதவங்க எல்லாம் தள்ளினா இப்படித்தான். நகருங்க."

மேலே ஏறினார். மூட்டையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வலது கையை வளைத்து அதன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முறுக்கினார். முழங்காலை அதன் இடுப்பில் வைத்து ஒரே உந்து. முறுக்கிய கை முதுகுக்குப் பின்னாலேயே இருக்க, மூத்தவள் மல்லாந்து பறந்து, தலைகீழாகச் சறுக்கி, கீழே வந்து கிடந்தாள். டிவியில் பார்த்த மாதிரியே, அப்படியே.

கைதட்டினார்கள். வெட்கக்கேடு, நானும் தட்டினேன். இத்தனை நாள் தீராத கேள்வி தீர்ந்த சந்தோஷத்தில் கை தானாகத் தட்டிவிட்டது.

அந்தக் கைதட்டல் மாமாவின் தலைக்கேறியது. துள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். "இதோட முடியல. கத்துவால்ல? அப்போ இப்படி." செருப்புக் காலைத் தூக்கி மூட்டையின் கழுத்தில் வைத்து மிதித்தார்.

"கழுத்துல மிதிக்கிறது கதையில இல்லையே சார்" என்றார் சலூன்காரர். அவர் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை. "விழுந்ததும் இருட்டாயிடும். அதுக்கப்புறம் எதுவும் காட்டலையே."

"கதையில இல்லேன்னா என்ன? ஒரு யோசனைதான்" என்றார் மாமா. ஆனால் காலைச் சட்டென்று எடுத்தார்.

அந்தச் செருப்பின் ஓரத்தைப் பார்த்தேன். அக்காவின் கழுத்தில் இருந்த தடமும் அந்த வளைவுதான்.

நான் ஏறி மேலே போய் நின்றேன். "மாமா, எனக்குச் சரியாப் புரியல. இங்க வந்து இன்னொரு தடவை சொல்லிக் கொடுங்களேன். நீங்க மூத்தவ, நான் புருஷன்."

வந்தார். சிரித்துக்கொண்டே படிக்கு முதுகு காட்டி நின்றார். மச்சினி கேட்டால் எந்த மாமாதான் மாட்டேன் என்பார்? நான் அவர் வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வளைத்தேன். ஈர விரிப்பு மூட்டைகளைத் தூக்கித் தூக்கி என் கை உலக்கை மாதிரி. "மெதுவா, மெதுவா" என்றார். "அக்கா சொன்னாளா மெதுவான்னு?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. முழங்காலை இடுப்பில் வைத்தேன்.

மூட்டை விழும்போது சத்தமே வராது. ஆள் விழுந்தால் ஒவ்வொரு படியும் கத்துகிறது. பின்மண்டை இரும்பில் மோதியது. முதுகுக்கு அடியில் சிக்கிய கை காய்ந்த விறகு மாதிரி முறிந்தது. கீழே மூத்தவளின் மேலேயே போய் விழுந்தார், வாயெல்லாம் ரத்தம், பல் ஒன்று படியிலேயே தங்கிவிட்டது. நான் இறங்கிப் போய் அவர் கழுத்தில் காலை வைத்தேன். கண் திறந்துதான் இருந்தது. கொல்லத்தான் நினைத்தேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. பாதத்துக்கு அடியில் அவர் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது.

"போதும், எடு காலை" என்று முதலாளியம்மா என் இடுப்பைக் கட்டி இழுத்தார். எடுத்தேன்.

யாரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. கசாப்பின் ரசிகர்களுக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை. டிரைவர் ஓடிப்போய் வண்டியைக் கொண்டுவந்தார். "கேட்டா என்ன சொல்றது?"

"படி ஈரமா இருந்துச்சு, வழுக்கிட்டார்" என்றார் முதலாளியம்மா. "நாலு பேரும் பார்த்தோம்." சலூன்காரர் அதற்குள் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைப் படியில் கொட்டியிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் அக்கா துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ரெச்சரில் அவரை அவளைத் தாண்டித்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் முனகினார். அக்கா எழுந்திருக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை மட்டும் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு?"

"படியில வழுக்கிட்டாரு."

"வழுக்கினா கை பின்னாடி உடையாதுடி."

"உனக்கு மட்டும் உடைஞ்சுதே?"

அக்கா மாவுக்கட்டு இல்லாத கையால் துணிப்பையை எடுத்து என் மடியில் வைத்தாள். "உன் வீட்டுல எனக்குப் படுக்க இடம் இருக்குமா?"

"கட்டிலையே தர்றேன்" என்றேன்.

அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தாள்.

"மிதிச்சியா?"

"காலை வச்சேன். அப்புறம் எடுத்துட்டேன்."

"ஏன்டி எடுத்த?" என்றாள் அக்கா.