தங்கராஜுக்குப் புது வீடு தெரியாது

1

இந்தக் கதை எனக்கு ரேணுகா கொடுத்தது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள். ஈஸ்டர் ஆராதனை முடிந்த வெயிலில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி வந்து கதவைத் தட்டினாளாம். "எங்க ஊட்டுக்காரர் வந்தார்னா, நான் முகப்பேர்ல கீறேன்னு சொல்லும்மா" என்றாளாம். அவர் எங்கே என்று கேட்டதற்கு, கல்லறையில் என்றாளாம். ரேணுகாவும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம், அந்தப் பெண்மணிக்குக் கோமளா என்ற பெயர் உட்பட, என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: கோமளாவுக்குப் புத்தி பேதலித்து

(அடித்துவிட்டேன். அப்படி எழுதுவது எனக்கு வசதி, அவளுக்கு அநியாயம்.)

இரண்டாவது தொடக்கம்: கோமளா தெளிவாகவே இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் சர்ச்சுக்குப் போகத் தொடங்கியவள். செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்பதைப் போதகர் சொல்லி அவள் நம்பவில்லை. கணவர் தங்கராஜ் சொல்லி நம்பினாள். அவர் போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிவந்தது. மகள் பவ்யா முகப்பேரில் ஒரு ஃப்ளாட் பிடித்தாள். சாமான் வண்டி கிளம்பும்போதுதான் கோமளாவுக்கு உறைத்தது. எழுந்து வருகிறவர் நேரே பழைய வீட்டுக்குத்தானே போவார்? வழி கேட்கக்கூடக் கூச்சப்படுகிற மனுஷர்.

(இடைக்குறிப்பு: கல்லறையிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்பீர்கள். சொன்னாள். உயிரோடிருந்தபோதே அவர் எதையும் ஒரு தடவையில் காதில் வாங்கியதில்லை.)

3

போதகர் நல்லவர். செத்தவர்கள் எழுந்திருக்கும் அந்த நாளில் வீடு, வாசல், விலாசம் எதுவும் தேவைப்படாது என்று பொறுமையாக விளக்கினார். கோமளா கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளுக்கு வேண்டியது தேவைப்படாத அந்த வீடுதான். அவர் உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு டீ கேட்க வேண்டும். அந்த ஏக்கம் அவளுக்கு வயிற்றுப் பசி மாதிரி, வேளை தவறாமல் வந்தது.

4

எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. செத்தவரை ஒரே வாக்கியத்தில் எழுப்பிவிடலாம். எழுப்பினேன்:

தங்கராஜ் அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி, முகப்பேருக்கு எந்த பஸ் என்று வாய்திறந்து கேட்டு, மாடியேறி, கதவில் கைவைத்து

இந்த இடத்தில் கோமளா என்னைத் தடுத்தாள். (கதாபாத்திரம் வந்து தடுக்குமா என்று கேட்காதீர்கள். அவள் நம்புவது இதைவிடப் பெரியது.)

"கதை முடிஞ்சா அவரு இன்னா ஆவாரு சார்?"

காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"ஆண்டவரு லாசருவக் கல்லறைலேர்ந்து எழுப்பினாரு இல்ல? அப்பால ஒருநாளு அந்த ஆளு திரும்பவும் செத்துதானே இருப்பாரு? கூடப் பொறந்தவங்க அத்த எப்டித் தாங்கினாங்கன்னு யாரும் எழுதல. நான் ஒரு தபா தாங்கிட்டேன். இனிமே சாவே இல்லாம அவரு எழுந்து வரட்டும். நீங்க எழுப்புறது எனக்கு வாணாம்."

சொல்லும்போது அவள் கண் அந்தக் கதவிலேயே இருந்தது. திறக்க அவ்வளவு ஆசை. நான் வாக்கியத்தை அழித்து முடிக்கிறவரை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

5

முடிவு ஒன்று: அடுத்த ஈஸ்டருக்குக் கோமளா

முடிவு இரண்டு: பவ்யா அம்மாவை அழைத்துக்கொண்டு

(இரண்டும் வேண்டாம்.)

போன வாரம் ரேணுகா போன் செய்தாள். கணவருக்கு மாற்றல், வீட்டைக் காலி செய்கிறார்களாம். "அவரு வந்தா சொல்றேன்னு அந்தக்காவாண்ட தலையாட்டிட்டேன் சார். இப்ப யாராண்ட சொல்லிட்டுப் போறது?" ரேணுகா கும்பிடும் சாமி வேறு. ஆனாலும் இரண்டு தடவை கேட்டாள்.

எனக்கும் வேறு ஆள் தெரியாததால் உங்களிடம் சொல்கிறேன். அடுத்து அந்த வீட்டுக்குக் குடிபோவது நீங்களாகவும் இருக்கலாம். அப்படியானால், ஒரு காலையில் கதவு தட்டப்படும். வெளியே நிற்பது கோமளாவா, அவள் தேடுகிறவரா என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் போய்த் திறவுங்கள்.