வெள்ளிக்கிழமைக்காகப் போட்ட மாத்திரை

சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலில் மாவிளக்குக்கு மாவிடிக்க உரல் கிடைத்து அரைப்படி அரிசி இடிபடுவதற்குள் ஹேமலதாவின் போன் அடித்தது. திருச்சி ஆஸ்பத்திரி நம்பர். திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கிற கோயில் அது, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? பின்னால் ஏழெட்டுப் பெண்கள் ஊறிய அரிசியோடு உரலுக்குக் காத்து நின்றார்கள். மாமியார் புஷ்பவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உலக்கையை நிறுத்தாமலே, "எடு ஆயி, டாக்டரம்மாவா இருக்கும்" என்றாள்.

டாக்டரம்மா இல்லை. நர்ஸ் மலர்கொடி. "மேடம், நீங்க குடுத்த தேதிப்படி இன்னைக்கு ரெண்டாம் நாளு. ஊசி ஆரம்பிக்கணும், நீங்க வரவே இல்லையே?"

ஹேமலதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வயது முப்பத்தெட்டு. மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறி இறங்கியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஒரே ஒரு தடவை கரு நின்றது. அதுவும் எட்டாவது வாரத்தில் போய்விட்டது. அப்புறம்தான் டாக்டர், இனி ஐ.வி.எஃப். ஒன்றுதான் வழி, வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். வீட்டில் எங்கே பேசினார்கள்? அரியலூர் சிமெண்ட் ஆலையில் லாரி எடை போடுகிற அவள் புருஷன் ராஜராஜன் "உன் இஷ்டம்தான் ஹேமா" என்றான். புஷ்பவல்லி "செஞ்சு பாத்துருவோம்" என்றாள். ஹேமலதா "சரி" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சரிக்குப் பின்னால் கையெழுத்து, ஃபைல், தேதி என்று எல்லாம் வரிசையாக வந்துவிட்டன.

பெரம்பலூரில் அவள் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஆரம்பித்தால், "பிரேக்க புடிங்க, என்னைய புடிக்காதீங்க" என்று வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவாள். நாற்பது ஐம்பது வயதுப் பெண்கள், வண்டி தானாக நகர்ந்த முதல் நாளில் போடுகிற கூச்சல் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே தினமும் எழுந்திருப்பாள். வைத்தியம் முடியும்வரை ஓடக் கூடாது, வண்டி கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் மூன்று மாதத்துக்கு வகுப்பை நிறுத்தியிருந்தாள். செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போட வேண்டிய சத்துணவு ஜோதியக்கா மட்டும் "நீ இல்லாம நான் போமாட்டேன், உளுந்துருவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

இதில் புஷ்பவல்லியின் வேண்டுதல் ஒன்று. முதல் ஊசிக்கு முன்னால் மதுரகாளிக்கு மாவிளக்குப் போட வேண்டும், அதையும் மருமகள் வயிற்றில் வைத்து ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரியோ மாதவிலக்கான இரண்டாம் நாள் வா என்கிறது. விலக்காகிற தேதி வியாழன். கோயில் வெள்ளி. தூரமானவள் கோயிலுக்குள் காலை வைக்க முடியுமா? புஷ்பவல்லி அசரவில்லை. தன் ஊரான உடையார்பாளையத்து மெடிக்கலில் நாள் தள்ளிப்போடுகிற மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ரெண்டு நாளு தள்ளுனா குடியா முழுவிடும்? திருவிழான்னா ஊருல பாதிப் பொம்பளைங்க இதுலதானே ஓட்டுறாளுவ."

ஆறு வருஷம் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தவளுக்கு, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவோம் என்று தோன்றாமலா இருக்கும்? தோன்றியது. போனைக்கூடக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு மாத்திரையை முழுங்கினாள்.

"இன்னும் ஆகலைங்க சிஸ்டர். கோயிலுக்காக மாத்திரை போட்டிருக்கேன்" என்றாள் ஹேமலதா போனில்.

"என்னங்க மேடம் இது! படிச்சவங்கதானே நீங்க? யாரக் கேட்டுப் போட்டீங்க?" மலர்கொடி டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "இந்த மாசம் வேணாம்னுட்டாங்க. மாத்திரைய நிறுத்திருங்க. அடுத்த மாசம் புதுசாத்தான் ஆரம்பிக்கணும்."

போனை வைத்ததும் முதலில் வந்தது பசி. பல நாளாகக் காணாமல் போயிருந்த பசி. வெல்லமும் ஏலக்காயும் மணத்தது. பக்கத்து உரலில் யாரோ ஜோக் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. மழைக்கு லீவு விட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உடம்பு லேசாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஜோதியக்காவோடு போகலாம் என்று நினைத்தாள், உடனே வெட்கமாகவும் போயிற்று. அழ வேண்டியவள் அல்லவா? எவள் இதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுவாள்? ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் புஷ்பவல்லி. ஹேமலதா சொன்னாள்.

உலக்கை நின்றது. "அய்யோ, நானே கெடுத்துட்டனே! என் வாயால வந்து, என் கையால வாங்கியாந்து குடுத்தேனே பாவி!" மாவுக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். நரைத்த முடியெல்லாம் இன்னும் வெள்ளையானது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பேசாமல் இருந்துவிட்டால் ஒரு மாதம் கிடைக்கும். பழியைக் கிழவி சுமப்பாள், அடுத்த மாதம் ஊசி ஆரம்பிக்கும். ஹேமலதா அந்த மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் கெடுக்கல அத்தை. வேணாம்னு அவங்க சொன்னதும் எனக்குப் போன உசுரு வந்துச்சு. எனக்கு இந்த வைத்தியம் வேணாம். அடுத்த மாசமும் வேணாம். என்னால முடியல அத்தை."

"இத ஏன்டி முன்னாலயே சொல்லல?"

"எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

பின்னால் இருந்த பெண் பொறுமையிழந்து, "இடிக்கிறீங்களா, நவுருறீங்களா?" என்றாள். "இடிக்கிறோம், இடிக்கிறோம், ரயிலா போவுது உனக்கு?" என்று சீறிவிட்டு, புஷ்பவல்லி உலக்கையை எடுத்து இடித்தாள் பாருங்கள், மாவு நாலா பக்கமும் பறந்தது. கண்ணீரை மட்டும் அவள் துடைக்கவில்லை.

தேங்காயும் பூவும் வாங்கப் போயிருந்த ராஜராஜன் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் மாவில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். "உம்பொண்டாட்டிக்கு அந்த வைத்தியம் வேணாமாம்" என்று பட்டென்று போட்டுடைத்தாள் அம்மா. அவன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். குழந்தை ஆசை அவனுக்கு இல்லை என்று சொன்னால் பொய். தெருவில் போகிற பிள்ளையைத் தூக்கி வண்டியில் ஒரு சுற்று விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். ஹேமலதாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவன் தேங்காய் நாரைப் பிய்க்க ஆரம்பித்தான். "எனக்கு ஆசை இருக்கு ஹேமா. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"தெரியுங்க."

"ஆனா போன தடவ நீ ஆஸ்பத்திரில கெடந்தியே, அத இன்னொரு தடவ பாக்குற தெம்பு எனக்கும் இல்ல." நாரைக் கீழே போட்டான். "அப்ப, செவ்வாக்கெழம ஜோதியக்காவுக்கு நீயே போறியா?"

"போறேங்க."

அவன் தலையை ஆட்டினான். எழுந்துபோய் ஒரு வாழையிலையைக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தான்.

மாவிளக்குத் தயாரானது. நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போட்ட பிறகு புஷ்பவல்லி தயங்கினாள். "இப்ப என்னன்னு வேண்டிக்கிட்டு ஏத்துறது?"

ஹேமலதா மண்டபத்துத் தரையில் மல்லாந்து படுத்தாள். கல் சில்லென்று இருந்தது. புஷ்பவல்லி இலையை வயிற்றில் விரித்து, மாவை அதன்மேல் வைத்து, கோபுரத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

மாவின் கனமும் ஈரமும் அடிவயிற்றில் இறங்கின. திரி பற்றிக்கொண்டது. ஆடினால் அணைந்துவிடுமோ என்று ஹேமலதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்ச வுடுடி" என்றாள் புஷ்பவல்லி, சுடரைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. "அணயாது."

ஹேமலதா மூச்சை விட்டாள். விளக்கு அவளோடு சேர்ந்து தாழ்ந்தது, எரிந்தபடியே மறுபடி மேலே வந்தது.