தனியாக ஒரு பெக்

தென்சென்னை ரிமோட் பாறையேறு ஊர்தியாளர் பேரவையில் மொத்தம் ஐந்து பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் போக, மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் மஹ்விஷ். பேரவையின் சுற்றறிக்கைகள் எல்லாம் 'அன்பார்ந்த உறுப்பினர்களே' என்றுதான் தொடங்கும். அவ்வளவு பன்மையையும் அவள் ஒருத்தியே தாங்கிக்கொண்டாள்.

தலைவர், மயிலாப்பூர் ஆடிட்டர் சாய்நாத். ரிமோட்டில் ஓடும் அவருடைய முழ நீள ஜீப்பை யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. முதுகில் 'தலைவர்' என்று அச்சடித்த டீ-ஷர்ட் அணியாத ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிடையாது. அது துவைக்கப் போயிருந்தால் போட்டுக்கொள்ள இன்னொன்று இருந்தது.

அந்தப் பதவிக்கு வேட்டு வைத்தவரும் அவரேதான். பட்டினப்பாக்கம் கடற்கரையில் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களில், உச்சியில் இருக்கும் பெரிய கல்லுக்கு 'ஹவுஸ் ஓனர்' என்று பெயர். எவ்வளவு கெஞ்சினாலும் மசியாது. அதன் தலையில் முதலில் ஜீப்பை ஏற்றுகிறவரே தலைவர் என்று விதி எழுதிவைத்தார், எவராலும் முடியாது என்ற தைரியத்தில். போன வாரம் மஹ்விஷின் ஜீப் பாதிக் கல் ஏறிவிட்டுத்தான் சறுக்கியது. அன்றிலிருந்து ஆடிட்டருக்குத் தூக்கம் போயிற்று.

தூக்கம் போனவர் ஆன்லைனில் சர்வோ வாங்கினார். முன்சக்கரங்களை இடம் வலம் திருப்புகிற, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மோட்டார்தான் சர்வோ. கல்லிடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்டால் அதன் முறுக்கு பலம்தான் காப்பாற்ற வேண்டும். மற்றவர்களுடையது இருபது, இருபத்தைந்து கிலோ பலம். இவர் வாங்கியது அறுபது. தங்க நிறம் வேறு. படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'பாறைகள் இனி ஜாக்கிரதையாக இருக்கட்டும்' என்று எழுதினார்.

மஹ்விஷ் பதில் போட்டாள்: 'சூப்பர் சார். ஆனா இது ரொம்ப இழுக்கும். வெளியில தனியா ஒரு பெக் போட்டுடுங்க. இல்லேன்னா பாதி வழியில மயங்கிடும்.'

சாய்நாத் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். காபிக்கு மேல் எதையும் தொட்டறியாத பரம்பரை அவருடையது. உடனே பறந்தது சுற்றறிக்கை: 'அன்பார்ந்த உறுப்பினர்களே, மது அருந்துவது குறித்த அறிவுரைகளைக் குழுவில் தவிர்க்கவும்.' கையோடு, அட்மின்கள் மட்டுமே பேசலாம் என்று குழுவுக்குப் பூட்டும் போட்டார். நிர்வாகிகள் நால்வருமே அட்மின்கள். வாய் அடைபட்டது மஹ்விஷுக்கு மட்டும்.

ஞாயிறு காலை. சாய்நாத்தின் மனைவி வைஜயந்தியும் மடக்கு நாற்காலி, பிளாஸ்க் சகிதம் வந்திருந்தாள். முதல் வாய்ப்பு, வழக்கம்போல், தலைவருக்கு.

ஜீப் கம்பீரமாகத்தான் கிளம்பியது. ஹவுஸ் ஓனரின் இடுப்பருகே முன்சக்கரம் ஓர் இடுக்கில் சிக்கியது. "இப்போ பாருங்கோ!" என்று சாய்நாத் ரிமோட்டில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினார். எல்லோரும் பார்த்தார்கள். முகப்பு விளக்கு அணைந்து ஜீப் அப்படியே உறைந்தது. பிறகு 'டிங் டிடிங்' என்று கண்விழித்தது. மறுபடி திருப்பினார். மறுபடி மயக்கம்.

"உப்புக் காத்து," என்றார் சாய்நாத்.

"கல்லுல இரும்பு ஜாஸ்தி தலைவரே," என்றான் துணைத் தலைவர் சித்தார்த்தன்.

மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த பொன்மணி நின்றாள். "இன்னா சார், வண்டி ஏறும்னு பாத்தா தூங்கித் தூங்கி எய்ந்துகினு கீது? ஒரு டீ வாங்கிக் குடு!"

வைஜயந்தி போனிலிருந்து தலை தூக்காமலே கேட்டாள்: "ஏன்னா, ஆத்துல ஏசி ஓடறச்சே கீஸரைப் போட்டா டப்புனு போயிடுமே, அதுமாதிரின்னா இருக்கு?"

சாய்நாத்தின் விரல் அப்படியே நின்றது. ஏசி ஓடும்போது கீஸரைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவர் அவர்தான்.

"அதேதான் மாமி!" என்று குதித்தாள் மஹ்விஷ். "அந்த சர்வோதான் கீஸர். அது இழுக்கற கரண்ட்டை உள்ள இருக்கற குட்டி பெக்கால குடுக்க முடியல. வோல்டேஜ் விழுந்து, ரிமோட் சிக்னலை வாங்கற ரிசீவரே ஆஃப் ஆயிடுது. தனியா ஒரு பெக் போட்டா பேட்டரிலேர்ந்து சர்வோக்குன்னு தனி லைன்." பெட்டியிலிருந்து வால் முளைத்த தபால்தலை போன்ற ஒன்றை எடுத்துக் காட்டினாள். "பி, இ, சி. சேர்த்துச் சொன்னா பெக். இதைத்தான் சார் சொன்னேன்."

"இதுவா பெக்கு?" வைஜயந்தி இப்போது நிமிர்ந்தாள். "அந்தப் பொண்ணு என்னைக் குடிக்கச் சொல்றதுன்னு வாரம் பூரா பொருமிண்டிருந்தாரேம்மா!"

பொன்மணி சிரித்த சிரிப்பில் கூடையைக் கீழே இறக்கிவைக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது மஹ்விஷின் முறை. இருபத்தைந்து கிலோ சர்வோ, அதற்கென்று தனி பெக். அதே இடுக்கில் அவள் சக்கரமும் சிக்கியது. முனகியது, நெளிந்தது, திரும்பியது. விளக்கு ஒரு முறைகூடக் கண் சிமிட்டவில்லை. ஜீப் ஹவுஸ் ஓனரின் உச்சந்தலையில் போய் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் சாய்நாத்தின் முதுகைப் பார்த்தார்கள். அவருக்கு அந்தத் 'தலைவர்' எழுத்துகள் அரித்தன. பதவி போயிற்று என்று மனசு ஒருமுறை சொல்லிப் பார்த்தது. ஆச்சரியம், பெரிதாக வலிக்கவில்லை. அவர் கண் தன் ஜீப்பின் மேலேயே இருந்தது.

"பிரசிடெண்ட் மேடம்," என்றார், கடலுக்கே கேட்கும்படி. "எனக்கும் ஒரு பெக் போடுங்கோ!"

நடைப்பயிற்சிக்காரர்கள் இருவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடையை வேகமாக்கினார்கள்.

"சர்வோ எவ்ளோ வோல்ட் தாங்கும் சார்?" என்று மஹ்விஷ் ஒயரை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏழரைன்னு போட்டிருக்கு."

"ஏழரையை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணின்னா வாங்கியிருக்கேள்," என்றாள் வைஜயந்தி.

இந்த முறை இடுக்கில் சிக்கிய சக்கரத்தை அறுபது கிலோவும் சேர்ந்து திருப்பிய திருப்பில், கல்லே ஒதுங்கி வழிவிட்டதுபோல் இருந்தது. தங்க சர்வோ வெயிலில் மின்ன, ஜீப் உச்சிக்குப் போய் மஹ்விஷின் ஜீப்பை இடித்துக்கொண்டு நின்றது. சாய்நாத் சித்தார்த்தனைக் கட்டிப்பிடித்து மணலில் ஒரு சுற்று சுற்றினார். பொன்மணி விசில் அடித்தாள்.

புதிய தலைவரின் முதல் சுற்றறிக்கை அன்றே வந்தது: 'குழுவில் பெக் பற்றி யாரும் பேசலாம்.'

அடுத்த ஞாயிறு சாய்நாத் புது டீ-ஷர்ட்டில் வந்தார். 'முன்னாள் தலைவர்.' எழுத்து பழையதைவிடப் பெரிது. அதையும் ஒரு பதவியாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆக, இப்போது பேரவையில் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. பொன்மணியைச் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

"இன்னா போஸ்ட்டு குடுப்பீங்கோ?" என்று கேட்டிருக்கிறாள்.