வெயிலைச் செய்தவனின் பாவசங்கீர்த்தனம்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. படப்பைக் கோயிலில் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் தட்டி முன் முழந்தாளிட்டு, "சாமி, இந்த வெயிலுக்கு நான்தான் காரணம்" என்றேன்.

அந்தப் பக்கம் ஃபாதர் அந்தோணிராஜ். தூத்துக்குடிக்காரர், இங்கே வந்து ஆறு மாதம்.

"எந்த வெயிலு?"

"வெளிய அடிக்குதே, அது மொத்தமும்."

விளக்கினேன். முப்பத்தொரு வருஷம் ரப்பர் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். நான் எரித்த நிலக்கரியைக் குவித்தால் பரங்கிமலைக்கு ஒரு அண்ணன் மலை எழும்பும். என் புகை காலையில் ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி, சிலோன் போய் டீ குடித்துவிட்டு, அடுத்த ஷிப்டுக்குத் திரும்பிவிடும். செம்பரம்பாக்கம் ஏரிக்கென்று வந்த மேகங்களைப் பாதி வழியில் மடக்கித் திருப்பி அனுப்பியதும் அதுதான். புகையால் பூமி சூடாகிறது என்று பேப்பரில் படித்த அன்றே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லச் சொல்லக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சரி. இப்ப என்னத்த விடப் போறீய?"

"பாய்லரைத்தான் விட்டுட்டேனே சாமி. ரிட்டயர்டு."

"வீட்டுல?"

அங்கேதான் மாட்டினேன். பி.எஃப். பணத்தில் ஒரு ஜன்னல் ஏசி வாங்கியிருந்தேன். எங்கள் தெருவிலேயே முதல் ஏசி. மத்தியானம் அதைப் போட்டுப் போர்த்திப் படுத்தால் கட்டிலடியில் மேகம் இறங்கும். சுவரில் தேயிலை முளைக்கும். கூடை கட்டிய பெண்கள் பீரோவுக்கும் தேயிலைத் தோட்டப் படம் போட்ட காலண்டருக்கும் நடுவே வரிசையாக ஏறிப் போவார்கள். என் மனைவி அற்புதமேரி காபியோடு வந்தால் ஒதுங்கி வழி விடுவார்கள்.

"நான் ஒருத்தன் நிறுத்தினா உலகம் குளிர்ந்துடுமா சாமி?"

"நீங்க ஒருத்தராத்தான் மொத்தத்தையும் சூடாக்குனதா இப்பதான சொன்னீய?"

செய்ததற்கு வருந்தும் மனஸ்தாபம் மட்டும் போதாது, இனிச் செய்யமாட்டேன் என்ற தீர்மானமும் வேண்டும், யோசித்துவிட்டு வாருங்கள் என்று மன்னிப்புக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். மன்னிப்பு இல்லாமல் நற்கருணை அப்பம் வாங்கக்கூடாது; ஊரே அந்த நன்மை வாங்கப் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அப்படி என்ன பாவம் பண்ணேன் என்று அற்புதமேரி ஆயுசுக்கும் குடைவாள்.

யோசித்தபடியே வீட்டை ஒட்டிய சந்துக்குள் நுழைந்தேன். ஆளில்லாத அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஜில்லென்று இருக்கட்டும் என்று நானே போட்டுவிட்டுப் போனது. அதன் பின்பக்கம் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. பாய்லர் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது.

நேர் எதிரே ஒரு ஜன்னலை அட்டைப்பெட்டி வைத்து அடைத்திருந்தார்கள். வாடகை ரூம். ஒரகடம் ஒயர் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிற நாலு பெண்கள் பகலில் தூங்குகிற இடம். அவர்களில் ஒருத்தி, மாரிசெல்வி, தலையில் ஈரத்துண்டோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, இந்த வெயில்ல ஜன்னலை அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"உங்க பொட்டி ஊதுதுல்லா, ஐயா."

"வந்து சொல்றதுக்கு இன்னா?"

"ரெண்டு தடவ கதவத் தட்டுனோம். அம்மாதான் வந்தாங்க. அவரு தேயிலைத் தோட்டத்துல இருக்காரு, சாயங்காலம் வாங்கன்னு சொன்னாங்க. சாயங்காலம் எங்களுக்குக் கம்பெனி பஸ்ஸு."

சிலோன் வரைக்கும் புகை விட்டவன், நாலடிச் சந்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

உள்ளே போய் ஏசியை நிறுத்தினேன். தேயிலைப் பெண்கள் கூடையை இறக்கி வைத்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகக் காலண்டருக்குள் போய்விட்டார்கள். மேகம் சொட்டுச் சொட்டாகக் கட்டிலடியில் கரைந்தது. எனக்கு வேர்த்தது.

"கரண்டு போச்சா?" என்று வந்தாள் அற்புதமேரி.

"நாந்தான் நிறுத்தினேன்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று. சந்துப் பக்கம் அட்டை பிய்க்கும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை மறுபடி தொட்டி.

"ஏசியைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டேன் சாமி."

"வெயிலு கொறஞ்சிருக்கா?"

"இல்ல. நாலு பேரு தூங்கறாங்க."

அவர் சிரித்தாரா, செருமினாரா, தெரியவில்லை.

"அந்தப் பாய்லருக்கு என்ன பரிகாரம், சாமி? முப்பத்தொரு வருஷம்?"

"அதுக்கு இது காணாது. காணாதுன்னு தெரிஞ்சேதான் செய்யணும்" என்று சொல்லி, மன்னிப்புக் கொடுத்தார்.